ஸ்டார் போட்ட வீடு

டிசம்பர் 2

இன்று எங்கள் தெருவில் முதல் ஸ்டார் ஏறியது. எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டார், விட்டுவிட்டு எரிகிறது. அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, "நம்ம மூங்கில் சிம்பெல்லாம் எங்கட்டி கெடக்கு?" என்று கேட்டாள்.

போன வருடத்து மூங்கிலைக் கரையான் அரித்துவிட்டது என்றேன். "அப்ப புதுசு வாங்கு" என்றாள்.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன், இந்த வருடம்தான் அதை யோசிக்கிறேன். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் ஸ்டார் போடமாட்டார்கள், பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். டிசம்பரில் தெருவோடு நடந்து போகிற யாரும் மாடியை அண்ணாந்து பார்த்தே கணக்குச் சொல்லிவிடலாம். ஸ்டார் எரிந்தால் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். இருட்டாக இருந்தால் ஒருவர் குறைகிறார்.

தம்பி இனிகோ போன தோணியைப் பற்றி இன்றும் தகவல் இல்லை. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணி, நவம்பர் இருபத்திரண்டாம் தேதிப் புயலில் மாட்டியது. மொத்தம் ஏழு பேர். மூன்று பேரை ஒரு சரக்குக் கப்பல் தூக்கிக் கொச்சியில் இறக்கியது. மற்ற நான்கு பேரைப் பற்றித் தெரியாது என்று அந்த மூவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனிகோ அந்த நான்கில் ஒருவன்.

நாங்கள் ஸ்டார் போடுவோமா மாட்டோமா என்று தெரு காத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் காத்திருக்கிறது.

டிசம்பர் 4

கேட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிலோமி சித்தி புளி கடன் வாங்க வந்த மாதிரி வந்தாள்.

"எக்கா, ஸ்டாருக்கு இந்த வருசம் என்ன அவசரம்? மெல்லப் பாத்துக்கிடலாம்லா."

"எதப் பாத்துக்கிட? எம் மவன் என்ன செத்தா போயிட்டான்?"

"நான் அப்பிடிச் சொல்லுவனா எக்கா? ஊர் வாய்க்குச் சொன்னேன்."

"ஊர் வாய்க்குத்தான அச்சு முறுக்கு சுடப் போறேன். ஆளுக்கு ரெண்டு குடுத்தா அடைஞ்சிரும்."

சித்தி சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சித்தி போகும்போது புளியை மறந்துவிட்டுப் போனாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிசம்பர் 5

மூங்கில் வாங்கினேன். "காத்தாடிக்கா, ஸ்டாருக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஸ்டாருக்கு என்றேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டார். சொன்னதும் தானே உட்கார்ந்து கழியைப் பிளந்து, சிம்பு சிம்பாக வார்ந்து, கணுவெல்லாம் சீவிக் கொடுத்தார். கேட்டதைவிட நான்கு கூட இருந்தது.

டிசம்பர் 8

ஸ்டார் கட்டுவது எழுத்தில் எளிது. ஐந்து சிம்பை ஒன்றின்மேல் ஒன்று பின்னினால் ஒரு நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் கட்ட வேண்டும். உள்பக்கத்து ஐந்து மடக்கிலும் விரல் நீளக் குச்சியை முட்டுக்கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அப்புறம் தாள் ஒட்டி, உள்ளே பல்பு மாட்ட வேண்டும்.

அப்பா போன பிறகு எட்டு வருடமாக இனிகோதான் கட்டினான். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். எனக்கு மூன்று மாலை பிடித்தது, மூன்று தடவையும் ஒரு முனை குட்டையாக வந்தது.

"என்னட்டி இது, நொண்டி ஸ்டாரு?" என்றாள் அம்மா.

"அவிழ்த்துத் திரும்பக் கட்டட்டுமா?"

"வேண்டாம். அவன் வந்து பாத்துச் சிரிக்கட்டும். காலேஜ் லைப்ரரியில இருக்கா, ஒரு குச்சிய அளந்து வெட்டத் தெரியலன்னு."

டிசம்பர் 9

செல்டன் என்ற பையன் நூலகத்துக்கு வந்தான். வேம்பார்க்காரன். கொச்சியில் இறங்கிய மூவரில் ஒருவன். உதடும் மூக்கும் தோல் உரிந்து இன்னும் ஆறாமல் இருக்கின்றன. வீட்டுக்கு வராமல் வேலை செய்யும் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் மூலையில் உட்கார்ந்து பேசினோம். அரைமணி நேரம் இருந்திருப்பான்.

புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலை இருந்தது. எழுபத்தொரு புத்தகம் ஒட்டினேன். அதற்கு முன் ஒரே நாளில் நாற்பதைத் தாண்டியதில்லை.

டிசம்பர் 10

பசை புளித்துவிட்டது. மைதாவைத் திரும்பக் காய்ச்சினேன்.

டிசம்பர் 12

குடிலுக்குக் கேப்பை விதைக்கும் நாள். கேக் வந்த அட்டைப் பெட்டி மூடிகளில் மண் பரப்பி, ஊறவைத்த கேப்பையைத் தூவி, ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். இருபத்துநான்காம் தேதிக்குள் விரல் உயரம் பச்சையாக நிற்கும். குடிலைச் சுற்றி வைத்தால் பெத்லகேமில் புல் முளைத்த மாதிரி இருக்கும். பெத்லகேமில் டிசம்பரில் புல் இருக்குமா என்று சின்ன வயதில் கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி செல்டன் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் வைக்க இடமில்லை.

தோணி பிளந்ததும் அவனும் இனிகோவும் ஒரு நீல பிளாஸ்டிக் பேரலைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். ஒரு இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு. விடிகிற நேரத்தில் இனிகோவின் கை கழன்றது. செல்டன் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். சட்டைதான் கைக்கு வந்தது, அதுவும் நிற்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகு சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. அன்று மத்தியானம் கப்பல் வந்தது.

"அதிகாரிமாருட்ட தெரியாதுன்னு சொல்லிட்டேன்க்கா. அவுக எழுதிட்டா முடிஞ்சு போச்சுல்லா. வீட்டுக்கு மொதல்ல தெரியணும்னு நெனச்சேன். அம்மா மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு முடியாது. நீங்க சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

இன்று நான்காவது நாள்.

டிசம்பர் 13

அம்மா தெருமுனையில் இருக்கும் மாதா கெபிக்குத் தினமும் சாயங்காலம் போகிறாள். ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு வருவாள். இன்று நானும் கூடப் போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

"உப்பளத்து அந்தோணி மவன் நாப்பது நாள் கழிச்சு வந்தாம்லா. ஏதோ தீவுல ஒதுங்கி, தேங்காயத் தின்னுட்டுக் கெடந்தானாம். இவனுக்குத் தேங்காயே பிடிக்காது. கண்ட தண்ணியக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்கிடாம இருக்கணும்" என்றாள்.

"ம்" என்றேன்.

காற்று இருந்தது. திரியைப் பற்றவைக்க எனக்குத்தான் கை நிதானமாக இருந்தது.

டிசம்பர் 15

காலையில் இட்லி ஊற்றும்போது ஒரு தடவை வாயெடுத்தேன். மத்தியானம் அம்மா தூங்கி எழுந்ததும் ஒரு தடவை. சாயங்காலம், தாள் வெட்டும்போது, "அம்மா" என்று கூப்பிட்டேவிட்டேன். "என்ன மக்கா?" என்றாள். நீலத் தாளா வெள்ளைத் தாளா என்று கேட்டேன்.

"வருசா வருசம் என்ன ஒட்டுவான்? நாலு மொனை நீலம், ஒரு மொனை வெள்ளை. மறந்துட்டியா?"

மறக்கவில்லை.

படித்த நாவல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். செய்தி கொண்டுவருகிறவன் எல்லாவற்றிலும் வந்ததும் சொல்லிவிடுகிறான். அதிகம் போனால் ஒரு பத்தி தயங்குவான். செய்தியை வைத்துக்கொண்டு மாவு சலிப்பவர்களைப் பற்றி எதுவும் படித்ததாக ஞாபகம் இல்லை. அப்படி எழுதினால் வாசகர்களுக்கு அலுத்துவிடும் போலிருக்கிறது.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கழியட்டும். அதற்காகத்தான்.

டிசம்பர் 17

ஸ்டார் ஏறிவிட்டது. கொடிக்கம்பி கட்டும் குழாயில் கயிறு போட்டு இழுத்தோம். நொண்டி முனை தெருவைப் பார்த்து இருக்கும்படி நின்றுவிட்டது. திருப்பினால் தாள் கிழியும், விட்டுவிட்டேன்.

ஸ்விட்சை என்னைப் போடச் சொன்னாள் அம்மா. போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பிலோமி சித்தி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவிடம், "நல்லாத்தான் இருக்கு எக்கா. கடை ஸ்டாரெல்லாம் பிச்சை வாங்கணும்" என்றாள்.

"பிள்ளையே கட்டுனா. மவன் வந்தாம்னா இவளுக்குக் கூலி குடுக்கச் சொல்லணும்" என்றாள் அம்மா.

டிசம்பர் 18

எரிகிறது.

டிசம்பர் 19

அச்சு முறுக்கு. அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு ஆட்டினால் பூப்போலக் கழன்று விழும். முழுவதும் முக்கினால் மாவு அச்சின் மேலேயும் ஏறிப் பிடித்துக்கொள்ளும், கழலாது. முதல் ஆறு எனக்குக் கழலவில்லை. அம்மா ஊசியால் நெம்பி எடுத்துத் தந்தாள்.

நூற்றுப்பத்து வந்தது. முப்பதைத் தனி டப்பாவில் போட்டு மூடினாள். "இது அவனுக்கு. நீ கை வைக்காத."

செல்டன் போன் செய்தான். அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் மாடிக்குப் போய்ப் பேசினேன்.

"அக்கா, வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அம்மா எப்பிடி இருக்காவ?"

"இருக்காவ."

"அப்ப நானும் எங்க கோயில் பங்குச்சாமிட்ட சொல்லிருதேன்க்கா. இத வச்சுக்கிட்டு எனக்கு ஒறக்கமே இல்ல. ஒங்களுக்காகத்தான் வாயத் தெறக்காம இருந்தேன்."

சரி என்றேன். கீழே வந்து அடுப்பை அணைத்தேன். ஒரு கிண்ணம் மாவு மிஞ்சியிருந்தது, தேங்காய்ப்பால் கலந்தது, நாளைக்கு நிற்காது.

டிசம்பர் 21

கல்லூரி விடுமுறை. பழைய வார இதழ்களின் வண்ணப் பக்கங்களைப் பட்டையாக வெட்டி, வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்தேன். சமையல் குறிப்பும் ராசிபலனும் மாறிமாறி வந்தன. முன்னறைக்கு நான்கு சங்கிலி போதும். பதினொன்று செய்திருக்கிறேன். நிறுத்தத் தோன்றவில்லை.

கேப்பை நன்றாக வந்திருக்கிறது. அம்மா கத்தரிக்கோலால் நுனியைச் சமமாக வெட்டினாள்.

"பெபி, நீ ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"எப்பிடி இருக்கேன்?"

"தெரியல. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வேல செய்யுத."

டிசம்பர் 23

எழுதுகிறேன். நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேரல் குழு எங்கள் தெருவுக்குள் வந்தது. டிரம், கிட்டார், பத்துப் பதினைந்து பேர், நடுவில் பஞ்சுத் தாடியும் முகமூடியும் வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. வருடம் தவறாமல் கிளாடியஸ் அண்ணன்தான் தாத்தா. இனிகோவோடு சின்ன வயதிலிருந்து பந்து விளையாடியவர். ஒவ்வொரு வீட்டின் முன்பும் நின்று ஒரு பாட்டு, ஒரு ஆட்டம். வீட்டுக்காரர்கள் பலகாரம் கொடுப்பார்கள்.

அம்மா மெரூன் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் எவர்சில்வர் தட்டு நிறைய அச்சு முறுக்கு. தலைக்கு மேலே ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. நான் படியில் நின்றேன்.

பிலோமி சித்தி வீட்டு முன்னால் ஆட்டம் பலமாக இருந்தது. சித்தியைத் தாத்தா கையைப் பிடித்து இழுக்க, "வயசான காலத்துல என்ன ஆடச் சொல்லுதியே, இடுப்புப் பிடிச்சா ஒங்க பங்குச்சாமியா வந்து தைலம் தேய்ப்பாவ?" என்று அவள் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு முடிந்தது. டிரம் அடித்துக்கொண்டே எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

டிரம் நின்றது.

கிட்டாரும் நின்றது. முன்னால் வந்தவர் கையை உயர்த்த, கடைசியில் வந்தவர்களின் பேச்சும் அடங்கியது. சாவு விழுந்த வீட்டைத் தாண்டும்போது அப்படித்தான் செய்வார்கள். கொட்டும் பாட்டும் இல்லாமல், தலைகுனிந்து, வாசல் முடியும்வரை மெல்ல நடந்து போவார்கள். அந்த வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். வாசலில் தட்டோடு நிற்கமாட்டார்கள்.

அம்மா சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். கரண்ட் போய் ஸ்டார் அணைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஸ்டார் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஏல, ஏன் நிப்பாட்டிட்டிய? ஸ்டார் எரியுது, கண்ணு தெரியலயா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கிளாடியஸ் அண்ணன் முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. பஞ்சுத் தாடி ஒரு பக்கம் தொங்கியது. அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பெரியம்மா... வேம்பார்ச் சாமி இன்னைக்கு நம்ம சாமிக்குப் போன் பண்ணுனாவ. செல்டன் சொன்னத. வீட்டுல ஒங்களுக்குத் தெரியும்னு... பெபிட்ட அப்பவே சொல்லிட்டதா..."

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு தட்டைக் கிளாடியஸ் அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எல்லாருமா எடுத்துக்கிடுங்க. அடுத்த வீட்டுக்குப் போங்கப்பா. பிள்ளையள் காத்துட்டு நிக்கும்."

அவர்கள் போனார்கள். நான்கு வீடு தாண்டியும் டிரம் சத்தம் கேட்கவில்லை.

உள்ளே வந்து அம்மா தரையில் உட்கார்ந்தாள். சொல்லு என்றாள். சொன்னேன். பேரல், இரவு, பகல், இரவு, கை, சட்டை. செல்டன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், எதையும் விடவில்லை. என் குரல் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. அம்மா அழவில்லை. நானும் அழவில்லை.

"ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

"ஒம்பதாந்தேதி."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, திரும்ப முதல் கைக்கு வந்தாள்.

"பதினாலு நாளு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பதினாலு நாளா, அவன் வந்து சேரணும், வந்து சேரணும்னு மாதாட்ட கேட்டுட்டு இருந்திருக்கேன். அவன் ஆத்துமாவுக்குன்னு ஒரு செபம் சொல்லல. ஒரு பூச வைக்கல. சொந்தத்துல வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவ நீ ஒருத்தி, நீ செபம் சொல்லுத ஆளும் இல்ல. பெத்தவ நான் உயிரோட இருந்தும், செபிக்க ஒரு நாதி இல்லாமக் கெடந்திருக்காம்ட்டி எம் பிள்ள."

நான் எதையெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன். அம்மா மயங்கி விழுவாள், சாப்பிடமாட்டாள், என்னோடு பேசமாட்டாள் என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, மாத்திரை இருந்தது, டாக்டர் நம்பர் இருந்தது. இறந்தவனுக்கும் ஒன்று தேவைப்படும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்கு அது வார்த்தை. அம்மாவுக்கு அது கடலில் கிடப்பவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சோறு.

ஒங்களுக்காகத்தான் சொல்லாம இருந்தேன் என்று சொல்ல வந்தேன்.

"எனக்காகன்னு சொல்லாத" என்றாள் அம்மா.

டிசம்பர் 24

காலையில் ஸ்டாரை நான்தான் இறக்கினேன். பிலோமி சித்தி சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி, பின்வாசல் வழியாக, மூடி. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பங்குச்சாமி வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். பூசை இருபத்தாறாம் தேதி.

அவர் போனதும் பத்தரை மணிக்கு அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

"நாளுக்கு ஒண்ணா, விட்டுப்போன பதினாலயும் சொல்லணும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொன்னாளா தெரியவில்லை.

ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம். அம்மா வேகமாகச் சொல்வாள், அப்படியும் இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு பத்துக்குப் பிறகும் இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி வேண்டுதல். தனியாகச் சொன்னால் மந்திரத்தின் முதல் பாதியையும், கூட இருப்பவர் சொல்லும் மறுபாதியையும் ஒருவரே சொல்ல வேண்டும். அம்மா இரண்டையும் சொன்னாள். நான் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவதுக்குப் பிறகு தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள். ஐந்தாவதில் தெருவில் யார் வீட்டிலோ பாட்டு போட்டார்கள். உடனே நிறுத்திவிட்டார்கள். ஏழாவதில் குரல் கம்மியது. எட்டாவதின் கடைசிப் பத்தில் வெறும் காற்றுதான் வந்தது, உதடு மட்டும் அசைந்தது.

எட்டு முடிந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாலையைப் பிடித்திருந்த கையை மட்டும் என் பக்கமாக நீட்டினாள்.

நான் செபமாலை சொல்லிப் பத்து வருடம் இருக்கும். வார்த்தைகள் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிகள் அம்மாவின் கைச்சூட்டோடு இருந்தன.

ஒன்பதாவதை நான் தொடங்கினேன்.